வீழ்ந்தெழும் உடல்

திருச்சிலுவைப் பாதையில் நம் ஆண்டவர் மூன்று முறை தரையில் விழுகிறார். தவக்கால வெள்ளிதோறும் அத்தலங்களில் முழந்தாளிடும் நாம், விழுந்த அவ்வுடலின் பாரத்தை எத்தனை முறை எண்ணிப் பார்த்திருக்கிறோம்? வீழ்வதையும் எழுவதையும் தம் கலையின் இலக்கணமாகவே கொண்டிருந்த ஒரு நடனக் கலைஞரின் வரலாறு இங்கே நினைவுகூரத் தக்கது.

ஹோசே லிமோன் 1908 இல் மெக்சிகோவின் கூலியகான் நகரில் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தார். புரட்சியின் கொந்தளிப்பால் அக்குடும்பம் 1915 இல் அமெரிக்காவில் குடியேறியது. ஓவியராகும் கனவோடு 1928 இல் நியூயார்க் சென்ற அவர், செருமானியக் கலைஞர் ஹரால்ட் க்ராய்ட்ஸ்பெர்க்கின் ஆட்டத்தைக் கண்டார். தூரிகையை வைத்துவிட்டு, டோரிஸ் ஹம்ஃப்ரி, சார்லஸ் வீட்மன் ஆகியோரிடம் மாணவராகச் சேர்ந்தார்.

அசையாது நிற்பதும் தரையில் கிடப்பதும் ஒருவகைச் சாவே. இவ்விரண்டிற்கும் இடையில்தான் நடனம் உயிர்வாழ்கிறது என்பது ஹம்ஃப்ரியின் கொள்கை. மூச்சை விட்டு உடலின் பாரத்தைக் கீழே இறங்கவிட்டால், அந்த வீழ்ச்சியின் விசையே அதை மீண்டும் எழுப்பும். மூட்டு வாதம் அவரையே 1944 இல் மேடையிலிருந்து இறக்கியது. ஆயினும், 1946 இல் மாணவர் லிமோன் தம் குழுவை நிறுவியபோது, ஆசிரியை அதன் கலை இயக்குநராகப் பொறுப்பேற்றார். ஒருவரது வீழ்ச்சி மற்றொருவரது எழுச்சியானது.

ஒத்தெல்லோவின் கதையை 1949 இலும், யூதாசின் துரோகத்தை 1954 இலும், சபை உரையாளர் நூலின் மூன்றாம் அதிகாரத்தை 1956 இலும் லிமோன் நடனமாக்கினார். 1957 இல் அவரது குழு போலந்து சென்றது. போரில் இடிந்த கோயில்களையும், இடிபாடுகளுக்கிடையே குன்றாத மக்களின் விசுவாசத்தையும் அங்கே அவர் கண்டார். அக்காட்சியே 1958 இல் 'மிஸ்ஸா பிரெவிஸ்' என்ற படைப்பாயிற்று. அதற்கு இசையான கோடாயின் திருப்பலி இசையும் போரில் பிறந்ததே: 1945 பிப்ரவரியில், முற்றுகையிடப்பட்ட புடாபெஸ்டில், இசைநாடக அரங்கின் மேலங்கி வைப்பறையில்தான் அது முதன்முதலாக ஒலித்தது.

இடிந்த கோயிலின் பின்னணியில் இறைமக்கள் ஒன்றுகூடி மன்றாடுகின்றனர். அவர்களோடு முற்றிலும் ஒன்ற இயலாமல் ஒருவன் தனித்து நிற்கிறான். விசுவசிக்க ஏங்கியும் முடியாத அவனை லிமோனே ஆடினார். திருப்பலியின் நடுவே அவனுக்கும் ஓரிடம் வைத்ததுதான் அப்படைப்பின் பேருண்மை என்பேன்.

ஜூலியார்ட் கலைப்பள்ளியில் 1951 முதல் அவர் கற்பித்தார். உடலின் ஒவ்வோர் உறுப்பையும் இசைக்குழுவின் தனித்தனிக் கருவியெனக் கருதச் சொன்னார். பாரத்தை மறைக்காமல், அதற்கு இசைந்து எழக் கற்பித்தார். 1971 இல் மனைவி பாலீன் லாரன்சை இழந்தார். 1972 திசம்பர் 2 இல் புற்றுநோய்க்கு இரையானார். அவர் வளர்த்த குழு அவருக்குப் பின்னும் ஆடுகிறது.

ஞாயிறுதோறும் நம் கோயில்களின் வாசற்படியருகே, உள்ளே வராமலும் வீடு திரும்பாமலும் சிலர் நிற்கின்றனர். பீடத்திலிருந்து அவர்களை நான் கடிந்துகொண்டதுண்டு. லிமோனின் அத்தனி மனிதனை அறிந்தபின் என் குரல் தணிந்தது. 'என் நம்பிக்கையின்மை நீங்க உதவும்' என்று கதறிய தந்தையை ஆண்டவர் தள்ளிவிடவில்லையே. வாசலில் நிற்பவரும் திருப்பலியில்தான் நிற்கிறார். அவர் எழும் வேளையை இறைவன் அறிவார்.