இரண்டு மின்சாரம், ஒரு போர்டு

1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி ஆரம்பமானது. 2006ல் ஸ்ரீபெரும்புதூருக்கு நோக்கியா வந்தது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான், 2012ல் டெய்ம்லர். இந்தக் கம்பெனிகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் இந்த மாதிரி தொழிற்சாலைகளின் மின் அறையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்சைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. காலேஜ் லேபில் ஆர்டுயினோ போர்டை வைத்துப் புராஜெக்ட் செய்கிறவர்களுக்கு அதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது.

நவம்பர் 1, 2008 முதல் தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்பு உள்ள தொழிற்சாலைகளுக்கு 40 சதவீத மின்வெட்டு வந்தது. அடுத்த சில வருஷங்களுக்கு டீசல் ஜெனரேட்டர் இல்லாமல் தொழில் நடத்துவது கஷ்டம் என்ற நிலை. அதாவது ஒரே கட்டடத்துக்கு இரண்டு மின்சாரம்: ஒன்று ஈ.பி., இன்னொன்று ஜெனரேட்டர்.

இரண்டையும் ஒரே கம்பியில் சேர்த்துவிட்டால் என்ன? ஈ.பி. மின்சாரம் நொடிக்கு 50 முறை ஏறி இறங்கும். ஜெனரேட்டரும் அதே வேகத்தில், அதே நொடியில் ஏறி இறங்காவிட்டால் இரண்டும் மோதும், ஜெனரேட்டர் நாசமாகும். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஈ.பி. இல்லாத நேரத்தில் ஜெனரேட்டர் மின்சாரம் வெளியே கசிந்தால், தெரு டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தலைகீழாக 11,000 வோல்ட்டாக ஏற்றிவிடும். லைனில் கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய ஊழியரின் உயிர் போகும். அதனால்தான் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச். அதன் கைப்பிடி ஈ.பி. பக்கம் இருக்கும், அல்லது ஜெனரேட்டர் பக்கம் இருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கவே முடியாது.

இதே கதை நாட்டு அளவிலும் நடந்தது. ஜூலை 30, 31, 2012 ஆகிய இரண்டு நாட்களில் வட இந்திய கிரிட் சரிந்தது. இரண்டாம் நாள் கிழக்கு, வடகிழக்கு கிரிட்களும் கூடவே விழுந்தன. தெற்கு தப்பித்தது. எப்படி? அப்போது தெற்கு கிரிட் மற்றவற்றோடு நேராக இணைக்கப்படவில்லை. ஏ.சி.யை டி.சி.யாக்கி, மறுபடி ஏ.சி.யாக்கித் தரும் இணைப்புகள்தான் நடுவில் இருந்தன. அங்கே விழுந்தது இங்கே இழுக்கவில்லை. டிசம்பர் 31, 2013 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் லைன் வழியாக, தாளம் சரியாகச் சேர்ந்த பிறகுதான் தெற்கு கிரிட் நாட்டு கிரிட்டோடு நேராக இணைந்தது.

இப்போது உள்ளங்கை அளவு போர்டுக்கு வருவோம். 2005ல் இத்தாலியின் இவ்ரியா நகரில் பிறந்தது ஆர்டுயினோ. 2007ல் வந்த டியெசிமிலா போர்டில் ஒரு ஜம்பர் இருந்தது. யு.எஸ்.பி.யா, வெளி அடாப்டரா என்று கையால் மாற்றிச் செருக வேண்டும். சேஞ்ச்ஓவர் ஸ்விட்சின் குட்டித் தம்பி! அடுத்து வந்த டூயெமிலானோவே போர்டில் இந்த வேலை தானியங்கி ஆனது. 2010ல் வந்த ஊனோவிலும் அப்படித்தான். வட்ட ஜாக்கில் போதிய வோல்டேஜ் வந்தால் ஒரு கம்பேரட்டர் அதைக் கவனித்து, மாஸ்ஃபெட் ஒன்றை அணைத்து, யு.எஸ்.பி. சப்ளையைத் துண்டித்துவிடும்.

ஆனால் இந்தக் காவலாளிக்குத் தெரியாத ஒரு பின்வாசல் உண்டு. அதுதான் 5வி பின். வெளி 5 வோல்ட்டை நேராக அதில் கொடுத்தால் கம்பேரட்டர் கண்டுகொள்ளாது, யு.எஸ்.பி.யும் இணைந்தே இருக்கும். வெளி சப்ளை 5.1 வோல்ட், யு.எஸ்.பி. 4.9 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் வெறும் 0.2 வோல்ட்தானே என்று தோன்றும். நடுவில் இருக்கும் மின்தடை 0.1 ஓம் என்றால் 2 ஆம்பியர் பாயப் பார்க்கும். சாதாரண யு.எஸ்.பி. 2.0 போர்ட்டின் கணக்கோ அரை ஆம்பியர். அதுவும் வெளியே தருவதற்கு, உள்ளே வாங்குவதற்கு அல்ல. அரை ஆம்பியருக்கு மேல் போனால் தடுக்கப் போர்டில் பாலிஃபியூஸ் உண்டு. ஆனால் அது சூடாகித்தான் வேலை செய்யும்; லேப்டாப்பின் போர்ட் அதுவரை தாங்க வேண்டும்.

வழி சுலபம். 5வி பின்னில் சப்ளை கொடுக்கும் முன் யு.எஸ்.பி. கேபிளைக் கழற்றிவிடலாம். இரண்டும் கட்டாயம் வேண்டுமென்றால் வெளி சப்ளையை 7 முதல் 12 வோல்ட்டுக்குள் ஜாக்கில் கொடுக்கலாம். சொந்தமாக போர்டு வடிவமைக்கிறவர்கள் ஒவ்வொரு சப்ளைக்கும் தனித்தனி ஷாட்கி டயோடு போடலாம். சுமார் 0.3 வோல்ட் குறையும், ஆனால் மின்சாரம் ஒருவழிப் பாதையில்தான் போகும். மூன்று வழியிலும் கிரவுண்ட் மட்டும் பொதுவாக இருக்க வேண்டும்.

டெக்னாலஜி மாறிக்கொண்டே இருக்கிறது. 765 கிலோவோல்ட் லைன் ஆனாலும் 5 வோல்ட் பின் ஆனாலும் விதி ஒன்றுதான். இரண்டு சப்ளைகளை ஒன்று பிரித்து வை, அல்லது ஒருவழியாக்கு, அல்லது இரண்டையும் சமமாக்கிவிட்டுச் சேர். நான்காவது வழி கிடையாது.