லண்டனிலிருந்து சென்னைக்கு

சென்னையிலிருந்து பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் மேற்கே செல்வோர் வேலப்பன்சாவடியைக் கடந்து செல்வர். சாவடி என்பது வழிப்போக்கர் தங்கும் இடம். நடந்தும் வண்டி கட்டியும் மக்கள் சென்ற காலத்தில், பயணம் எத்தனை நாள் என்பதைக் காலின் வேகம் மட்டும் முடிவு செய்யவில்லை. இரவில் எங்கே தங்குவது, மாடுகளை எங்கே அவிழ்த்துவிடுவது என்பவையும் சேர்ந்தே முடிவு செய்தன. ஆகாய விமானம் வந்தவுடன் இந்தக் கணக்கு மறைந்திருக்கும் என்று மாணவர்கள் எண்ணக்கூடும். லண்டனிலிருந்து சென்னைக்கு வந்த தபாலின் வரலாறு வேறுவிதமாகக் கூறுகிறது.

பூமிப் பந்தின்மேல் மிகக் குறுகிய வழியில் அளந்தால் இவ்விரு நகரங்களுக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 8,200 கிலோமீட்டர். ஆப்பிரிக்காவைச் சுற்றிவந்த பாய்மரக் கப்பல்களுக்கு இப்பயணம் பல மாதங்கள் பிடித்தது. 1869-இல் சூயெஸ் கால்வாய் திறந்தபின், நீராவிக் கப்பலில் அது வாரக் கணக்காகக் குறைந்தது.

1929 மார்ச் 30 அன்று இம்பீரியல் ஏர்வேஸ் லண்டனிலிருந்து கராச்சிக்கு விமானப் போக்குவரத்தைத் தொடங்கியது. அக்கால விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 160 கிலோமீட்டர். வளைந்து செல்லும் வழியையும் சேர்த்து வகுத்துப் பாருங்கள். ஐம்பது மணி நேரம் போதும் என்று விடை வரும். ஆனால் பிடித்ததோ ஏழு நாள்! எஞ்சிய நாள்கள் எங்கே போயின? இரவில் பறக்க வசதியில்லை. லண்டனுக்கு அருகிலுள்ள கிராய்டனில் ஏறிய தபால் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் இறங்கி, ஆல்ப்ஸ் மலையை ரயிலில் கடந்து ஜெனோவா சென்றது. அங்கிருந்து நீர்மேல் இறங்கும் விமானத்தில் மத்தியதரைக் கடலைத் தாண்டி அலெக்சாந்திரியா. பிறகு வேறொரு விமானம். ஒவ்வொரு மாற்றமும் ஒரு சாவடிதான்.

கராச்சிக்கு வந்த தபாலைத் தெற்கே கொணர்ந்தவர் ஜே. ஆர். டி. டாட்டா. 1932 அக்டோபர் 15 காலையில் ஒற்றை எஞ்சின் கொண்ட 'புஸ் மாத்' என்னும் சிறு விமானத்தைத் தாமே ஓட்டிப் புறப்பட்டார். அகமதாபாத்தில் பெட்ரோல் எடுக்க நின்றார். அந்தப் பெட்ரோல் தகர டின்களில் மாட்டுவண்டியில் வந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு வியப்பு நீங்குவதில்லை. பிற்பகலில் பம்பாயின் ஜுஹுவில் இறங்கினார். அது கடலோரச் சேற்றுநிலம். மழைக்காலத்தில் நீரில் மூழ்கிவிடும் என்பதால் அந்த மாதங்களில் விமானங்கள் பூனாவுக்கு இடம் மாறின. பம்பாயிலிருந்து நெவில் வின்ட்சென்ட் என்ற விமானி தபாலை ஏற்று, பெல்லாரியில் தங்கி, மறுநாள் சென்னை சேர்ந்தார். பம்பாய்க்கும் சென்னைக்கும் நேர்வழி சுமார் 1,030 கிலோமீட்டரே. இன்று அதனை இரண்டு மணி நேரத்துக்குள் கடக்கிறார்கள். அன்று ஓர் இரவு நடுவே நின்றது.

இன்றைய ஜெட் விமானம் சென்னையிலிருந்து லண்டனுக்கு இடைநில்லாமல் பறந்தால் பத்து, பதினொரு மணி நேரத்தில் சேர்ந்துவிடும். திரும்பி வரும்போது மேல்வானில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று துணைசெய்வதால் நேரம் சற்றுக் குறையும். ஆயினும் வேலப்பன்சாவடியிலிருந்து லண்டனுக்குப் புறப்படுபவர், மீனம்பாக்கம் செல்லும் சாலை நெரிசலுக்கு ஒரு பொழுதும், விமானம் புறப்படுவதற்கு முன் நிலையத்தில் காத்திருக்க மூன்று மணி நேரமும் தம் கணக்கில் எழுதிக்கொள்கிறார்.