உலர்ந்த சுவரும் உலராத மூலையும்

சென்ற கோடையில் நியூஜெர்சியில் உறவினர் ஒருவரின் வீட்டில் சில வாரங்கள் தங்க நேர்ந்தது. அவர் வீட்டின் கீழ்த்தளத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். காலையில் ஜிப்சம் பலகைகள் வந்திறங்கின. மாலைக்குள் நான்கு சுவர்களும் எழுந்துவிட்டன. செங்கல் அடுக்கி, பூசி, நாள்தோறும் நீர் தெளித்துப் பழகிய நம் கண்களுக்கு இது வியப்பாகவே இருந்தது. ஆனால் இணைப்புகளையும் மூலைகளையும் சரிசெய்ய மேலும் ஐந்து நாட்கள் பிடித்தன. ஒரு நாளில் எழுந்த சுவருக்கு ஐந்து நாள் வேலை எதற்கு என்ற கேள்வி, நம்மை நூறாண்டுக்கும் மேற்பட்ட ஒரு வரலாற்றுக்கு இட்டுச் சென்றது.

பலகை வருவதற்கு முன் அமெரிக்க வீடுகளின் உட்சுவர் கொத்தனாரின் கைவேலையாகவே இருந்தது. மரச்சட்டகத்தின்மீது மெல்லிய மரச்சிம்புகளை அறைந்து, அவற்றின்மேல் சாந்தை மூன்று முறை பூசுவார்கள். பிடிப்புக்கு ஒன்று, மட்டத்துக்கு ஒன்று, மெருகுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் உலரக் காத்திருந்தால் வாரங்கள் ஓடிவிடும்.

1894இல் அகஸ்டின் சாக்கெட் என்பவர், தாள்களுக்கிடையே ஜிப்சம் சாந்தை இட்டுப் பலகையாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய நிறுவனத்தை 1909இல் யுனைடெட் ஸ்டேட்ஸ் ஜிப்சம் நிறுவனம் வாங்கியது. 1917இல் 'ஷீட்ராக்' என்ற பெயர் சந்தைக்கு வந்தது. எனினும் மக்கள் இதனை ஏழைச் சுவராகவே கருதினர். நிலைமையை மாற்றியது இரண்டாம் உலகப்போர். ஆட்பற்றாக்குறையும், போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சமும் வேகத்தைக் கோரின. லாங் ஐலண்டில் 1947 முதல் 1951 வரை பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுடன் எழுந்த லெவிட்டவுன், பலகைச் சுவர்களால் ஆனதே. நீர் கலந்த சாந்து வேலை இல்லாததால் 'உலர்சுவர்' என்ற பெயரும் நிலைத்தது.

இங்கேதான் மூலை குறுக்கிடுகிறது. சுவரின் பரப்பை ஆலையில் வார்த்துவிடலாம். இரு சுவர்கள் சந்திக்கும் இடத்தை ஆலையில் வார்க்க இயலாது. உள்மூலையில் காகித நாடாவை நடுவே மடித்து, ஈரப் பட்டியில் பதித்து, அகன்ற தகட்டுக் கரண்டியால் இழுக்கவேண்டும். ஒரு பக்கம் இழுக்கையில் மறுபக்கம் கீறாதிருப்பதே கைத்திறன். வெளிமூலைக்கு உலோகக் கோணப்பட்டையை அறைந்து, அதன் விளிம்பை மறைக்கவேண்டும். ஒருமுறை பூசி, உலரவிட்டு, மீண்டும் பூசி, மூன்றாம் முறை விளிம்பைக் காற்றில் கரைவதுபோல் மெலிதாக்கவேண்டும். சுவரிலிருந்து விரட்டப்பட்ட மூன்று பூச்சுகளும் மூலையில் தஞ்சம் புகுந்துவிட்டன எனலாம். தொழிலும் இரண்டாகப் பிரிந்தது. பலகை அறைபவர் தச்சர் சங்கத்திலும், மூலை முடிப்பவர் வண்ணம் பூசுவோர் சங்கத்திலும் சேர்ந்தனர்.

நான்காவது வேலை உப்புத்தாள் தேய்ப்பது. இதில்தான் துயரம் ஒளிந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வெடிக்காமலும் சீராகப் பரவவும் பட்டியில் கல்நார் கலந்தார்கள். மூலை வழவழப்பாக வழவழப்பாக, தேய்த்தவரின் நுரையீரலில் அந்த இழைகள் படிந்தன. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள், வீட்டு உபயோகப் பட்டிகளிலிருந்தே கல்நார் தூசி எழுவதை 1975இல் வெளியிட்டனர். 1979இல் இத்தொழிலாளரைப் பற்றியே அவர்களின் தனி ஆய்வும் வெளிவந்தது. இதனிடையே, 1977 டிசம்பரில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், கல்நார் கலந்த ஒட்டுப் பட்டிகளைத் தடைசெய்தது. கல்நாரால் வரும் நோய்களோ, தூசி உட்சென்று பல பத்தாண்டுகள் கழித்தும் தலைகாட்டுபவை.

தடை புதிய பட்டிக்குத்தான். ஏற்கனவே பூசப்பட்டது பழைய மூலைகளில் அப்படியே உறைந்திருக்கிறது. தொடாதவரை அது துன்பம் செய்வதில்லை. வீட்டைப் புதுப்பிக்கப் புகுந்து, வெட்டி, தேய்க்கும்போதே மீண்டும் காற்றில் எழுகிறது. லெவிட்டவுன் காலத்து வேகத்தின் விலையை, அக்காலத்தில் பிறந்தேயிராத ஒருவர் செலுத்த நேரலாம்.

உறவினரின் வீடு 1960களில் கட்டப்பட்டது. கீழ்த்தளத்துக்குப் பின் மாடியின் பழைய சுவரொன்றை இடிக்க நினைத்திருந்தார். வந்த தொழிலாளி மூலையைத் தட்டிப் பார்த்தார். வீட்டின் வயதைக் கேட்டார். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அந்த இடத்தை நனைத்து, முறையாகச் சிறு துண்டு ஒன்றைப் பெயர்த்தெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை மாடியில் வேலை நின்றது. செலவு ஏறுகிறதே என்று உறவினர் முணுமுணுத்தார். ஐந்து நாள் மூலை வேலையைக் கண்ணால் கண்டிருந்த நமக்கு, அந்தக் காத்திருப்பு வீணாகத் தோன்றவில்லை.