பழைய பலகைக்கு யார் சொந்தக்காரர்? சப்ரகமுவ லயன்களில் மீள்பயன்பாடு

கழித்துவிட்ட பொருட்களால் உள்ளகத்தை அலங்கரிப்பது இன்று காசு புரளும் வடிவமைப்புத் துறை. நுவரெலியா பக்கம் கந்தப்பளையில், ஹெதர்செட் தோட்டத்தின் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை 1990களில் ஹோட்டலானது. கொழுந்து வாட்டிய மாடிகள் இப்போது படுக்கையறைகள். பழைய இயந்திரங்களைப் பார்ப்பதற்கென்றே உல்லாசப் பயணிகள் வருகிறார்கள்.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் இதே வேலையைத் தலைமுறைகளாகச் செய்தவர்களை எவரும் வடிவமைப்பாளர் என்று அழைத்ததில்லை. லயன் அறையில் தேயிலைப் பெட்டி அலுமாரியானது, உரப்பை தடுப்பானது, பத்திரிகைத் தாள் சுவரை மூடியது. 2009க்குப் பின் தறப்பாளையும் தகரத்தையும் வைத்து வீடமைத்த வன்னி வாசகருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1977, 1981 வன்செயல்களின் பின் மலையகத் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போனவர்களும் அவர்களில் உண்டு.

சப்ரகமுவவில் தாராளமாகக் கிடைப்பது இறப்பர் மரம். ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் பால் தந்தபின் அதை வெட்டி மறுநடுகை செய்வார்கள். முன்பெல்லாம் அது வெறும் விறகு. மாச்சத்து மிகுந்த மரம் என்பதால் வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாயும். பிறகு வண்டு துளைக்கும். போரக்ஸ், போரிக் அமிலக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றிச் சூளையில் உலர்த்தினால்தான் தளபாடத்துக்கு உதவும். விறகுக்கு வந்த துண்டில் தட்டு அடித்தால் அது உளுத்துவிடும். மர ஆலையில் மிஞ்சும் பதப்படுத்திய துண்டுகளே மேல்.

எல்லாவற்றையும் வீட்டுக்குள் எடுக்கவும் கூடாது. கிருமிநாசினிக் கலனைக் கழுவினாலும் தண்ணீர் வைக்க ஆகாது. பழைய அஸ்பெஸ்டஸ் தகட்டை அறுத்தால் நுரையீரலைக் கெடுக்கும் தூசு பறக்கும்.

லயன் அறை தோட்டத்துக்குச் சொந்தம். தன்னுடையதல்லாத சுவருக்கு யார் செலவழிப்பார்? தூக்கிக்கொண்டு போகக்கூடிய பெட்டியும் வாங்குமே அங்கு தளபாடமானதற்கு இரசனையைவிட இதுவே காரணம் என்பது என் எண்ணம். இப்போது காணியுடன் தனி வீடு பெறும் குடும்பங்களுக்கு முதன்முறையாகச் சொந்தச் சுவர் கிடைக்கிறது. லயன் இடிபடும்போது மிஞ்சும் கதவு, நிலை, கூரைமரம் யாருக்கு என்பதை, இடிப்பதற்கு முன்பே நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.