கஞ்சியை வடிச்சது யாரு?

குன்னூர்லேர்ந்து ஊட்டிக்கு மலை ரயில்ல போயிருந்தா, வெலிங்டன் ஸ்டேஷனைத் தாண்டியிருப்பீங்க. 1758-ல தொடங்கின மெட்ராஸ் ரெஜிமெண்டோட பயிற்சி மையம் 1947-லேர்ந்து இந்த ஊர்லதான் இருக்கு. ‘வீர மதராசி, அடி கொல்லு’ங்கிற அவங்க போர் முழக்கம் நிறைய பேருக்குத் தெரியும். இன்னிக்கு நாம பேசப்போறது அங்கே உலை வைக்கிறவங்களைப் பத்தி. ராணுவத்துல சமையற்கூடத்துக்கு ‘லங்கர்’னு பேர்.

முதல்ல ஒரு பழைய கதை. 1751, ஆற்காடு முற்றுகை. கோட்டைக்குள்ளே கிளைவோட படை, அரிசி தீர்ந்துக்கிட்டே வருது. “சோறு வெள்ளைக்காரங்களுக்கு இருக்கட்டும், வடிச்ச கஞ்சி எங்களுக்குப் போதும்”னு நம்ம சிப்பாய்கள் சொன்னாங்களாம். மெக்காலே 1840-ல எழுதி, இந்தக் கதை பிரபலமாச்சு. (எனக்கு இதுல முழு நம்பிக்கை இல்லை. எஜமானுக்கு ரொம்ப வசதியான கதை!) ஆனா அந்தக் கஞ்சியை வடிச்சவர் யாரு? கதையில அவர் இல்லவே இல்லை.

பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துல சமையல்காரர் சிப்பாய் கிடையாது. தண்ணி சுமக்கிறவர், துப்புரவு செய்யறவரோட சேர்த்து அவரும் ‘ஃபாலோயர்’, அதாவது படைக்குப் பின்னால வர்றவர். சம்பளமும் சிப்பாயைவிடக் கம்மி. இத்தனைக்கும் அவர் இல்லாம படை நகராது. முதல் உலகப் போர்ல காயம்பட்ட இந்தியர்களுக்காக இங்கிலாந்துல பிரைட்டன் அரண்மனையை ஆஸ்பத்திரியா மாத்தினப்போ, மதம், சாதி பார்த்து ஒன்பது சமையலறை வெச்சாங்க. இன்னார் சமைச்சாத்தான் இன்னார் சாப்பிடுவாங்க. அப்படின்னா, சமையல்காரருக்கு மாத்து ஆள் கிடைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க.

குண்டு ஃபாலோயர், சிப்பாய்னு பிரிச்சுப் பார்த்து விழலை. மெசபடோமியாவுல செத்தவங்களுக்கான பாஸ்ரா நினைவுச்சின்னத்துல இந்திய அதிகாரிகளுக்குப் பேர் பொறிச்சாங்க. அவங்களுக்குக் கீழே இருந்த இந்தியர்கள் வெறும் எண்ணிக்கை. இரண்டாம் உலகப் போருக்கு வந்தா, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட பதிவுகள்ல பேர் இருக்கு. பக்கத்துல பதவிங்கிற இடத்துல, ‘குக்’.

இன்னிக்கு இந்திய ராணுவத்துல சமையல்காரரும் சீருடை போட்டு, துப்பாக்கிப் பயிற்சி முடிச்சவர்தான். வெலிங்டன் சுமார் 1,850 மீட்டர் உயரம். தண்ணி 94 டிகிரி கிட்டயே கொதிச்சிடும், திறந்த பாத்திரத்துல அரிசி வேக நேரமாகும். மைதானத்துல ஓடிட்டு வர்ற பசங்களுக்கு மத்தியானம் சோறு வேணும்னா, அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் அவர் உலை வைக்கணும்.