தூண்வகைத் தேர்வும் கைவினைத் திறனும்: வர்ஜீனியா சட்டமன்றக் கட்டடத்தை முன்வைத்து

முன்னுரை

அமெரிக்கப் பொதுக் கட்டடங்களில் காணப்படும் கிரேக்கப் பாணித் தூண்களைக் குடியரசுக் கொள்கையின் அடையாளமாக விளக்குவது வரலாற்றெழுத்தில் வழக்கம். அவ்விளக்கம் கட்டடத்தின் பொது வடிவத்திற்குப் பொருந்துகிறது. தூண்வகைக்கும் அது பொருந்துமா என்பதை ரிச்மண்ட் நகரிலுள்ள வர்ஜீனியா சட்டமன்றக் கட்டடத்தின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்மாதிரி

1785ஆம் ஆண்டு, இக்கட்டடப் பணியின் பொறுப்பாளர்கள் பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சனிடம் வரைபடம் கோரினர். ஜெஃபர்சன், பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் கிளெரிசோவின் துணையோடு, தென்பிரான்சின் நீம் நகரிலுள்ள மேசோன் கார்ரே என்னும் உரோமானியக் கோயிலை முன்மாதிரியாகக் கொண்டார். அக்கோயிலின் அளவுப்படங்களைக் கிளெரிசோ 1778இல் நூலாக வெளியிட்டிருந்தார். ஜெஃபர்சன் அதனை நேரில் கண்டதோ 1787இல்தான். வரைபடங்கள் அதற்கு முந்தைய ஆண்டிலேயே ரிச்மண்டுக்கு அனுப்பப்பட்டுவிட்டன.

தூண்வகை மாற்றம்

மேசோன் கார்ரேயின் தூண்கள் கொரிந்திய வகையின. அவற்றின் தூண்தலைகளில் அகாந்தஸ் இலைகள் அடுக்கடுக்காக, ஆழமாகச் செதுக்கப்பட்டுள்ளன. ரிச்மண்ட் கட்டடத்திற்கு ஜெஃபர்சன் இவ்வகையை விடுத்து அயோனிய வகையைத் தேர்ந்தார். கொரிந்தியத் தூண்தலையைச் செதுக்குவதிலுள்ள கடினமே காரணம் என அவரே பதிவு செய்துள்ளார். அயோனியத் தூண்தலையின் முதன்மை உறுப்பு சுருள். இலையடுக்கு வேலை அதற்குத் தேவையில்லை.

அயோனிய வகைக்குள்ளும் மற்றொரு தேர்வு எழுந்தது. பண்டைக் கிரேக்க அயோனியத் தூண்தலையில் சுருள்கள் பொதுவாக முன்புறமும் பின்புறமும் மட்டுமே அமையும். இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஸ்கமோஸியின் வடிவத்தில் நான்கு முகங்களும் ஒன்றுபோல் இருக்கும். பண்டை வடிவமே மேன்மையானது என்பது ஜெஃபர்சனின் கருத்து. ஆயினும் ஸ்கமோஸியின் வடிவத்தை விரும்பிய கிளெரிசோவின் சுவைக்கு அவர் மனமின்றியே இணங்கினார்.

முகமண்டபமும் மூலத்திலிருந்து வேறுபட்டது. மூன்று தூண் ஆழம் இரண்டாகக் குறைக்கப்பட்டது. ஆழ்ந்த முகமண்டபம் அறைகளை இருளாக்கும், செலவையும் கூட்டும் என்பன இதற்குரிய காரணங்கள். கோயிற்சுவரில் இல்லாத சாளரங்களும் அலுவல் அறைகளின் தேவை கருதிச் சேர்க்கப்பட்டன.

முடிவுரை

கோயில் வடிவத்தைத் தேர்ந்ததில் பண்டைய உலகின் மதிப்பைப் புதிய அரசுக்குச் சேர்க்கும் நோக்கம் தெளிவாக உள்ளது. தூண்வகையை முடிவு செய்தவையோ கல்தச்சரின் கைத்திறன் குறித்த மதிப்பீடும் ஆலோசகரின் சுவையுமே. அயோனியத் தூண் என்பதற்காகவே அதற்கு அரசியற் பொருள் கற்பிப்பது, வடிவமைத்தவரே எழுதிவைத்த காரணத்தைப் புறக்கணிப்பதாகும். எனவே, கட்டடப் பாணியைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், அதன் குறியீட்டுப் பொருளை உரைக்குமுன், அதனைச் செதுக்கவேண்டிய கைகளையும் கணக்கிற்கொள்ளுதல் வேண்டும்.