வியாழக்கிழமை தவறாத அம்மாக்கள்



"சேமிப்புப் பணத்தைக் குடுத்தனுப்பிட்டேனே, அப்புறம் எதுக்கு வாராவாரம் கூட்டத்துக்கு வரணும்?" என்று நம்ம குழுக்களில் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்காக, தென் அமெரிக்காவில் உள்ள அர்ஜென்டினா நாட்டு அம்மாக்களின் வரலாற்றை இங்கே சொல்கிறேன்.

1976 மார்ச்சில் அந்த நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மாணவர்கள், தொழிற்சங்கத்தார், எதிர்த்துப் பேசியவர்கள் என்று ஆயிரக்கணக்கானோரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. பெற்றவர்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அலுவலகங்களுக்கும் நடையாய் நடந்தும் பதில் இல்லை.

அப்படி அலைந்த அம்மாக்களில் 14 பேர், 1977 ஏப்ரல் 30 அன்று தலைநகர் புவனோஸ் அயர்ஸில் அதிபர் மாளிகைக்கு எதிரே உள்ள மே சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது என்றது போலீஸ். சரி, நிற்க வேண்டாம் என்று இரண்டிரண்டு பேராகக் கைகோத்துச் சதுக்கத்தைச் சுற்றி நடந்தார்கள். பிறகு வியாழக்கிழமை மதியம் மூன்றரை மணி என்று நாளும் நேரமும் வைத்துக்கொண்டார்கள். ஒருவரையொருவர் அடையாளம் காணத் தலையில் வெள்ளைத் துணி. முதலில் அது பிள்ளைகளுக்குக் குழந்தையில் கட்டிய துணிதான்!

அந்த வருடம் டிசம்பரில், அவர்களைக் கூட்டிச் சேர்த்த அசுசேனா வில்லாஃப்ளோர் அம்மாவையும் இன்னும் இரண்டு அம்மாக்களையும் கடத்திக் கொன்றார்கள். தலைவி போனால் கூட்டம் கலைந்துவிடும் என்பது கணக்கு. பயந்துபோய்ச் சிலர் வராமல் நின்றது உண்மை. ஆனால் மற்றவர்கள் விடவில்லை. சதுக்கத்துக்குள் விடாதபோது தேவாலயங்களில் கூடினார்கள். விட்டபோது மறுபடி வந்து நடந்தார்கள்.

1983-ல் ராணுவ ஆட்சி முடிந்தது. 1985-ல் ராணுவத் தலைவர்கள் நீதிமன்றக் கூண்டில் நின்றார்கள். 2005-ல் அசுசேனா அம்மாவின் எலும்புகள் அடையாளம் காணப்பட்டன. அவர் அஸ்தியை அதே சதுக்கத்தில்தான் புதைத்தார்கள்.

தொடங்கும்போது அந்த அம்மாக்களிடம் பணமில்லை, பதவியில்லை. ஒரு நாள், ஒரு நேரம், ஒரு இடம், அவ்வளவுதான் இருந்தது. ஊக்குநர் ஒருத்தரை மட்டும் நம்பி நிற்கிற குழு, அவர் விலகினதும் படுத்துடும். எல்லாரும் நாள் தவறாம கூடுற குழு அப்படிச் சாயாது. ஒருத்தி வரலைன்னா, "ஏன் வரலை, என்ன கஷ்டம்?" என்று கேட்க அங்கே ஆள் இருக்கும்.

அதுக்குத்தான் சகோதரி, பணத்தைக் குடுத்தனுப்பாதீங்க. நீங்களே வாங்க.